மருந்தில்லாத நோய்க்கு ஓர் ஓட்டம்

எனக்குத் தெரிந்த ஒருவர் நாற்பது வயதுக்கு மேல் ஓடப் பழகினார். அதுவரை பேருந்தைப் பிடிக்கக்கூட ஓடியவர் இல்லை. மகளுக்கு ஏழு வயதில் சீலியாக் நோய் என்று தெரியவந்தது. கோதுமை போன்ற தானியங்களில் உள்ள ஒரு புரதத்தால் குடல் சேதமாகும் நோய் அது. அடுத்த வருடமே, அந்த நோயாளிகளுக்காக இயங்கும் தொண்டு அமைப்பு ஒன்றுக்கு நிதி திரட்ட 21 கிலோமீட்டர் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். தெரிந்தவர்களுக்கெல்லாம் நன்கொடை கேட்டு எழுதினார். முதலில் வந்த பதிலில் பணம் இல்லை, கேள்விதான் இருந்தது: "கோதுமை சாப்பிடாமல் இருந்தால் சரியாகிவிடும் என்கிறாய். அப்புறம் பணம் எதற்கு?"

கேட்டவர் குத்தலாகக் கேட்கவில்லை. நண்பருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. புற்றுநோய்க்காக ஓடுகிறவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அங்கே மருந்து, அறுவை சிகிச்சை, ஆய்வுக்கூடம் என்று பணம் போகும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. சீலியாக்கில் மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, மருத்துவமனையில் படுக்கவைப்பதும் அபூர்வம். தட்டில் இருப்பதை மாற்றி வைத்தால் முடிந்தது என்றுதான் தோன்றும். அந்தக் கேள்வி எனக்குள்ளும் கொஞ்ச நாள் கிடந்தது. பதில் சொல்ல வேண்டுமானால், இந்த நோயின் மருந்து யார் கையில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

குடலுக்குள் நடப்பது

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள ஒரு புரதக் கூட்டத்துக்குத்தான் குளூட்டன் என்று பெயர். பிசைந்த மாவு இழுபடுவது இதனால்தான். ரொட்டி உப்பி நிற்பதும் இதனால்தான். இந்தப் புரதத்தில் புரோலின், குளூட்டமின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அடுக்கை நம் செரிமான நொதிகளால் முழுதாக வெட்ட முடியாது. சீலியாக் உள்ளவருக்கு மட்டுமல்ல, யாராலும் முடியாது. 33 அமினோ அமிலங்கள் நீளமுள்ள அப்படியொரு வெட்டுப்படாத துண்டை 2002-இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். பெரும்பாலானோர் குடலில் அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்.

சீலியாக் உள்ளவர் குடலில் கதை வேறு. குடலின் உள்ளுறைக்குள் நுழையும் அந்தத் துண்டை டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி லேசாக மாற்றிவிடுகிறது. இந்த நொதி நம் உடலுக்குச் சொந்தமானது, காயத்தை ஆற்றுவது போன்ற நல்ல வேலைகளைச் செய்வது. மாறிய துண்டு, எச்எல்ஏ-டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் செல்களில் பூட்டில் சாவி போலப் பொருந்திக்கொள்கிறது. அதைப் பார்த்து நோய் எதிர்ப்புப் படை கிளம்புகிறது. கிளம்பிய படை குளூட்டனோடு நிற்காமல் தன் சொந்தக் குடலையும் அந்த நொதியையும் சேர்த்தே தாக்குகிறது.

ஒரு பூந்துவாலையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நிற்கும் குட்டிக் குட்டி நூல் கண்ணிகள்தான் தண்ணீரை இழுக்கின்றன. சிறுகுடலின் உட்புறத்தில் குடலுறிஞ்சிகள் அப்படித்தான் நெருக்கமாக நிற்கின்றன. சீலியாக்கில் அவை தேய்ந்து, கடைசியில் பரப்பு மொழுமொழுவென்று தட்டையாகிவிடும். பிள்ளை சாப்பிடும், ஆனால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. இரும்புச்சத்து, ஃபோலேட், கால்சியம் எல்லாம் சிறுகுடலின் மேல் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டியவை. முதல் அடி விழுவதும் அங்கேதான்.

சில பிள்ளைகளுக்கு வயிறு உப்பி, கைகால் மெலிந்து, பேதி போய்க்கொண்டே இருக்கும். புத்தகங்களில் வரும் படம் அதுதான். நடைமுறையில் பல பிள்ளைகள் அப்படி இருப்பதில்லை. ஒருத்திக்கு மலச்சிக்கல், ஒருவனுக்கு வாய்ப்புண், இன்னொரு பிள்ளைக்கு எத்தனை டானிக் கொடுத்தாலும் ஏறாத ரத்தசோகை. வகுப்பிலேயே குட்டையாக இருப்பது, பல்லின் எனாமலில் குழி விழுவது, காரணமில்லாத சிடுசிடுப்பு என்று அது எப்படி வேண்டுமானாலும் வரும். நண்பரின் மகள் எப்போதும் களைப்பாக இருந்தாள். "சோம்பேறி" என்று திட்டியிருக்கிறேன் என்று அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறைதான். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

உலக அளவில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானோருக்கு அது இன்னும் தெரியாது. மரபணு வகையோ நூற்றுக்கு முப்பது, நாற்பது பேரிடம் இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. ஏன் இவருக்கு, ஏன் இப்போது என்ற கேள்விக்கு முழுப் பதில் இன்னும் கிடைக்கவில்லை.

இங்கே பெற்றோர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. எங்கோ படித்துவிட்டு, ஆர்வத்தில் உடனே கோதுமையை நிறுத்திவிடுவார்கள். பிள்ளை தேறத் தொடங்கும். பிறகு சோதனைக்குப் போனால் முடிவு தெளிவாக வராது. ரத்தத்தில் தேடுவது டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டமினேஸ் நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. குளூட்டன் வருவது நின்றால் எதிர்ப்பொருளும் மெல்ல இறங்கிவிடும். அதனால் சோதனை முடியும் வரை பிள்ளை குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். முன்பெல்லாம் எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலில் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் நோய் உறுதியாகும். ஐரோப்பியக் குழந்தை இரைப்பைக் குடல் மருத்துவர் சங்கம் 2012-இல் வெளியிட்டு 2020-இல் திருத்திய வழிகாட்டுதலின்படி, எதிர்ப்பொருள் அளவு இயல்பின் உச்சவரம்பைப் போல பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது ரத்த மாதிரியில் இன்னொரு சோதனையும் உறுதிசெய்தால், குடல் துணுக்கு எடுக்காமலே பிள்ளைகளுக்கு நோயை முடிவு செய்யலாம். மயக்க மருந்து கொடுத்து உள்ளே அழைத்துப்போன கதவுக்கு வெளியே நின்றிருந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

வாழைப்பழமும் சிப்பியும்

இந்த நோயின் வரலாறு எனக்குப் பிடித்த பகுதி. மருத்துவம் சரியான இடத்தைத் தொட்டுத் தொட்டுத் தவறவிட்ட கதை அது.

1887-இல் லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி உரையாற்றினார். அது அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. நோயாளியைக் குணப்படுத்த முடியுமானால் அது உணவின் வழியாகத்தான் முடியும் என்று அவர் திட்டமாகச் சொன்னார். எவ்வளவு சரி! ஆனால் அடுத்து அவர் கொடுத்த பட்டியலில் அரிசி ஆகாது என்று தள்ளிவிட்டு, மெல்லியதாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய ரொட்டியை அனுமதித்திருந்தார். நல்லதைத் தடுத்து நஞ்சை வாட்டிக் கொடுத்தாயிற்று. அதே உரையில் ஒரு பிள்ளையைப் பற்றியும் சொல்கிறார். தினமும் ஒரு லிட்டருக்கும் மேல் டச்சுச் சிப்பிக் கறி சாப்பிட்டு அந்தப் பிள்ளை அருமையாகத் தேறியதாம். சிப்பிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பிவிட்டது. அடுத்த பருவத்தில் எவ்வளவு கெஞ்சியும் அது சிப்பியைத் தொட மறுத்துவிட்டது. நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்துப் படிக்கும்போதும் அந்தப் பிள்ளையின் முகம் எனக்குத் தெரிகிறது.

1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் வாழைப்பழ உணவை அறிமுகப்படுத்தினார். பிள்ளைகள் பிழைத்தார்கள். வாழைப்பழத்தில்தான் ஏதோ குணம் இருக்கிறது என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். குணம் பழத்தில் இல்லை. அந்த உணவுமுறையில் ரொட்டிக்கு இடமில்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

முடிச்சை அவிழ்த்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930-களிலேயே அவருக்குச் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுவது ஒரு தாயின் பேச்சு: ரொட்டியை நிறுத்தினால் என் பிள்ளையின் உடம்பில் வரும் தடிப்பு மறைந்துவிடுகிறது. 1944–45 குளிர்காலத்தில் நாஜி முற்றுகையால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை, ஊரே பட்டினி கிடந்தது. ஆனால் சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். போர் முடிந்து கோதுமை திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். டிக்கே அதை அளந்து, சோதித்து, 1950-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார்.

அன்றிலிருந்து இன்று வரை சிகிச்சை மாறவில்லை. குளூட்டனை வாழ்நாள் முழுக்க விலக்க வேண்டும். 2021-இல், குளூட்டன் துண்டை மாற்றிவிடும் அந்த நொதியைத் தடுக்கும் ஒரு மருந்தின் தொடக்க நிலை முடிவு நம்பிக்கை தந்தது. குடலின் கசிவை அடைக்கும் என்று எதிர்பார்த்த வேறொரு மருந்தின் கடைசிக் கட்டச் சோதனையை 2022-இல் பாதியில் நிறுத்திவிட்டார்கள். உணவை மாற்றினால் போதுமே என்ற எண்ணம் பொதுமக்களுக்கு இருப்பது போலவே முதலீட்டாளர்களுக்கும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மருந்து யார் கையில்?

சரி, "கோதுமை சாப்பிடாமல் இருந்தால் போதும்" என்பதை ஒரு நாள் செய்து பார்க்கலாம்.

ஒரு சாதாரண ரொட்டித் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருக்கும். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த நோயாளிகளுக்குத் தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்தபோது குடல் மறுபடி சேதமானது. அந்த ரொட்டித் துண்டை நாற்பதாகப் பிய்த்தால் ஒரு பங்கு அது. ரொட்டி வாட்டும் இயந்திரத்தின் அடியில் கிடக்கும் துகள்கள், வெண்ணெய் டப்பாவுக்குள் போய் வந்த கத்தி, மாவு படிந்த மரக் கரண்டி இவற்றுக்குள்ளேயே அந்த அளவு ஒளிந்திருக்க முடியும். அதனால்தான் இந்த வீடுகளில் ஒரே அடுப்படியில் இரண்டு கத்தி, இரண்டு வெண்ணெய் டப்பா, சிவப்பு நாடா ஒட்டிய தனி வடிகட்டி எல்லாம் இருக்கும்.

இது ஒவ்வாமை இல்லை என்பது இன்னொரு சிக்கல். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஒரு துணுக்கு உள்ளே போனால் முகம் வீங்கும், மூச்சு முட்டும், எல்லோரும் பதறுவார்கள். அடுத்த முறை யாரும் அசட்டையாக இருக்க மாட்டார்கள். சீலியாக் பிள்ளை ஒரு பிஸ்கட் தின்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே விளையாடலாம். சிலருக்குச் சில மணி நேரத்தில் வாந்தி வரும், பலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. "பார், ஒன்றும் ஆகவில்லையே" என்று பாட்டி சொல்வார். சொல்பவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லைதான்.

பொட்டலத்தின் பின்பக்கம் தனிக் கல்வி. மால்ட் என்றிருந்தால் அது பெரும்பாலும் பார்லியிலிருந்து வருவது, கூடாது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்றிருந்தால் பெயரைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. அது மால்ட் இல்லை, மாவுச்சத்தை உடைத்துச் செய்தது. கோதுமையிலிருந்தே எடுத்திருந்தாலும் சுத்திகரிப்பில் குளூட்டன் மிகச் சொற்பமாகிவிடுகிறது. வழக்கமான சோயா சாஸில் கோதுமை உண்டு. ஓட்ஸ் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடுவதால் சாதாரண ஓட்ஸை நம்ப முடியாது, தனியாகக் காப்பாற்றி வந்ததைத்தான் வாங்க வேண்டும். எட்டு வயதில் நண்பரின் மகள் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து எழுத்துக்கூட்டி இதையெல்லாம் படிப்பாள். பள்ளிப் பாடத்தில் அவ்வளவு நீளமான சொற்கள் அவளுக்கு வந்ததே இல்லை.

'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008-இல் இந்த வரம்பை வைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் சட்டமாக்கியது, அமெரிக்கா 2013-இல் விதி கொண்டுவந்தது. அந்த 20 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. ஒருவர் ஒரு நாளில் இத்தகைய உணவை எவ்வளவு சாப்பிடுவார், மொத்தமாக எத்தனை மில்லிகிராம் உள்ளே போகும், குடல் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போட்டு வந்த எண். அந்தக் கணக்குக்கு ஆய்வு வேண்டியிருந்தது. ஆய்வு முடிந்த பிறகு அரசுகளின் கதவைத் தட்ட ஆள் வேண்டியிருந்தது.

இப்போது பணம் எதற்கு என்ற அந்தக் கேள்விக்கு வரலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினை ஒரு தொழிற்சாலை செய்கிறது, மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். சீலியாக்குக்கான மருந்து, பிள்ளையைச் சுற்றி இருப்பவர்களின் கவனம். சமையல்காரர், வகுப்பாசிரியர், நண்பனின் அம்மா, பொட்டலம் அச்சிடுகிற நிறுவனம், பாட்டி எல்லோரும் தினமும் சரியாகக் கொடுத்தால்தான் மருந்து வேலை செய்யும். ஒருவர் தவறினாலும் அன்றைய வேளை தப்பியது. இத்தனை பேருக்கும் சொல்லித்தர எந்த மருத்துவமனையிலும் நேரமில்லை. அந்த வேலையைத்தான் இந்தத் தொண்டு அமைப்புகள் செய்கின்றன. புதிதாக நோய் தெரிந்த குடும்பம் அழைத்துப் பேச ஒரு தொலைபேசி எண், பள்ளிக்குக் கொடுக்க ஒரு தாள், பாதுகாப்பான பொருள்களின் பட்டியல், குளூட்டன் இல்லை என்று காட்டும் குறுக்குக் கோடு போட்ட தானியக் கதிர் முத்திரைக்கான சோதனை, அப்புறம் ஆய்வு நிதி. எதுவும் செய்திப் படத்தில் எடுப்பாக வராது.

இந்த அமைப்புகள் தோன்றியதும் நோயாளிகளாலேயே. மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனலை 1961-இல் தொடங்கிய பீட்டர் பெனன்சன் ஒரு சீலியாக் நோயாளி. பிரிட்டனின் சீலியாக் சங்கம் 1968-இல் தொடங்கியதிலும் அவர் கை இருந்தது. மனசாட்சிக் கைதிகளுக்காகக் கடிதம் எழுத ஊரைத் திரட்டியவர், ரொட்டி சாப்பிட முடியாதவர்களையும் திரட்டியிருக்கிறார்.

ஓட்டம் எதற்கு?

பணம் தேவை, சரி. அதற்கு ஓட வேண்டுமா? காலணி, பயணம், பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி நேரடியாகக் கொடுத்துவிட்டு வீட்டில் தூங்கலாமே?

ஓடி நிதி திரட்டும் வழக்கத்துக்கு உலகம் முழுக்க முகம் கொடுத்தவர் கனடாவின் டெரி ஃபாக்ஸ். புற்றுநோயால் ஒரு காலை இழந்த அந்த இளைஞர் 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டைக் குறுக்காக ஓடத் தொடங்கினார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிய பிறகு நோய் நுரையீரலுக்குப் பரவி நிறுத்த வேண்டியதாயிற்று. பெற்றோர் பிள்ளைக்காக ஓடுவது என்ற வடிவத்தை ஒரு இயக்கமாக மாற்றியவர் புரூஸ் கிளீலண்ட். மகளுக்கு ரத்தப் புற்றுநோய். 1988-இல் 38 பேரைச் சேர்த்துக்கொண்டு நியூயார்க் மாரத்தானில் ஓடி 3,22,000 டாலர் திரட்டினார். ரத்தப் புற்றுநோய்ச் சங்கத்துக்காகக் கூட்டாகப் பயிற்சி எடுத்து ஓடும் முறை அதன்பின் அமெரிக்கா முழுக்கப் பரவியது. டிக் ஹோய்ட் இன்னொரு மாதிரித் தந்தை. மூளை முடக்குவாதம் உள்ள மகன் ரிக்கைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடினார். 1977-இல் அவர்கள் ஓடிய முதல் ஓட்டமே, விபத்தில் முடங்கிப்போன ஒரு மாணவருக்கு நிதி திரட்டும் ஓட்டம்.

ஹோய்ட் தள்ளிய நாற்காலியைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. சீலியாக் பிள்ளை சாலையோரம் நின்று கை தட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. துள்ளிக் குதிக்கும் பிள்ளை. அதனால் இந்தத் தந்தை வாயைத் திறந்தே ஆக வேண்டும்.

மனிதர்கள் ஏன் ஓடுகிறவருக்குப் பணம் கொடுக்கிறார்கள் என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷஃபிர் என்ற இரு ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், சுகமான விருந்தை விட வலியும் உழைப்பும் உள்ள முயற்சிக்கு மக்கள் அதிகம் கொடுக்க முன்வருவதாகக் காட்டினார்கள். நேர்த்திக்கடன் என்ற சொல்லை வைத்திருக்கும் நமக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. ஒருவர் உடம்பை வருத்தினால் அவர் கேட்பதற்கு ஒரு கனம் வந்துவிடுகிறது.

கணக்கையும் மறைக்க வேண்டாம். லண்டன் மாரத்தான் போன்ற பெரிய போட்டிகளில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. தொண்டு அமைப்புகள் பணம் கொடுத்து இடங்களை வாங்கி, குறைந்தது இவ்வளவு திரட்டுவேன் என்று உறுதி சொல்பவர்களுக்குக் கொடுக்கின்றன. அதாவது முதலில் வரும் நன்கொடையில் ஒரு பகுதி அந்த இடத்தின் விலைக்கே போகிறது. அது மோசடி இல்லை, அந்த விலையைக் கழித்த பிறகும் நிறையவே மிஞ்சுகிறது. 1981-இல் தொடங்கிய லண்டன் மாரத்தானில் ஓடியவர்கள் திரட்டிய மொத்தத் தொகை 2019-இல் நூறு கோடி பவுண்டைத் தாண்டியது. ஆனால் கொடுப்பவர் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லத் தயங்குகிறவரை எனக்கு நம்பத் தோன்றாது.

நண்பர் கேட்டு எழுதியவர்கள் நூற்று முப்பது பேர் இருக்கும். பணம் கொடுத்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. ஆனால் எழுதியது என்னவென்று எல்லோரும் படித்தார்கள். மகளின் தோழியின் அம்மா அடுத்த பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, "கேக்கை நான் தனிப் பாத்திரத்தில் செய்கிறேன், எந்த மாவு என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். அலுவலகத்தில் ஒருவர் தன் பல வருட ரத்தசோகைக்கு இந்தச் சோதனையைச் செய்யலாமா என்று தனியாக வந்து கேட்டார். எந்த நன்கொடைப் பட்டியலிலும் இவை ஏறுவதில்லை. என்னைக் கேட்டால் அந்த ஓட்டத்தின் பெரிய வருமானம் இந்த இரண்டும்தான்.

ஓடுகிறவரின் தட்டு

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நெடுந்தூர ஓட்டத்தின் உணவுப் பழக்கம் முழுக்க மாவுச்சத்து. முந்தின இரவு ஏற்பாட்டாளர்களே பாஸ்தா விருந்து வைப்பார்கள். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையை நிரப்பிக்கொள்ள அது உதவும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், அதற்குப் பசை போன்ற ஜெல் பாக்கெட்டுகள். முடிவுக் கோட்டில் தானியப் பட்டையோ பிஸ்கட்டோ தருவார்கள், சில இடங்களில் பார்லியில் வடித்த பீரும் உண்டு. சீலியாக்குக்காக ஓடுகிறவரின் வழியெங்கும் குளூட்டன்தான்.

நண்பருக்கு நோய் இல்லை, தின்னலாம். ஆனால் பயிற்சி நாட்களில் தானும் விலக்கிப் பார்ப்பது என்று முடிவெடுத்தார். அரிசி, உருளைக்கிழங்கு, பழம் என்று சமாளித்தார். கஷ்டம் உணவில் இல்லை, ஒவ்வொரு இடத்திலும் வாயைத் திறந்து கேட்க வேண்டியதில்தான் இருந்தது என்றார். பத்தாவது நாள் ஒரு கூட்டத்தில் கேட்கக் கூச்சப்பட்டுச் சாப்பிடாமலே இருந்துவிட்டாராம். மகள் எத்தனை நாள் அப்படி இருந்திருப்பாள் என்று அன்றைக்குத்தான் யோசித்தார்.

பயிற்சியின் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது, வேகம் குறைந்தது. சோதித்ததில் இரும்புச்சத்து குறைவு. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு இது வருவதுண்டு. பாதம் தரையில் மோதும்போது சிவப்பணுக்கள் உடையும், வியர்வையிலும் குடலிலும் கொஞ்சம் போகும். ஆனால் இவருடைய மருத்துவர் ஓட்டத்தின் மேல் பழி போட்டு விட்டுவிடவில்லை. சீலியாக் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அந்த நோய் இருக்க வாய்ப்புண்டு, அதனால் அவர்களைச் சோதிப்பது வழக்கம். பிள்ளைக்காக அலைந்த அலைச்சலில் இந்தக் குடும்பம் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. நல்லவேளை, அவருக்கும் மனைவிக்கும் எதிர்ப்பொருள் இல்லை. குறைவுக்கு ஓட்டம்தான் காரணம். ஒருமுறை இல்லை என்று வந்தால் என்றைக்கும் இல்லை என்று அர்த்தமில்லை, எந்த வயதிலும் நோய் தொடங்கலாம் என்பதையும் அந்த மருத்துவரே சொல்லி அனுப்பினார்.

எனக்கு ஒரே ஒரு இடத்தில் அவரோடு உடன்பாடு இல்லாமல் இருந்தது. முதலில் எழுதிய வேண்டுகோளில் மகளின் பெயர், படம், வயிற்றுப்போக்கு உட்பட எல்லாம் இருந்தன. அவள் பதினைந்து வயதில் அதைப் படித்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நோய் அவளுடையது, நன்கொடை கேட்கும் உரிமை அப்பாவுக்கு இருந்தாலும் மலத்தைப் பற்றிச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. கொஞ்சம் கோபித்துக்கொண்டார். பிறகு அவளிடமே கேட்டிருக்கிறார். படம் வேண்டாம், பெயர் வேண்டாம், "நிறைய எழுத்துக்கூட்டத் தெரியும் என்று எழுதுங்கள்" என்றாளாம். அப்படியே எழுதினார்.

ஓட்ட நாளில் நானும் போயிருந்தேன். கடைசி மூன்று கிலோமீட்டரில் நடந்துதான் வந்தார். கழுத்தில் பதக்கம், கையில் பை. மகள் பதக்கத்தைப் பார்க்கவில்லை. பையைப் பிடுங்கி உள்ளே இருந்த தானியப் பட்டையை எடுத்துத் திருப்பினாள். வழக்கம்போல விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது, பாதியில் நின்றது.

"மால்ட் இருக்குப்பா. இது உங்களுக்கு."

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்துத் தின்றார். அவள் தன் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து உரித்தாள்.